அம்மாவுக்கு 26 வாரம், அப்பாவுக்கு 15 நாள்

தாயின் பேறுகால விடுப்பில் ஒரு பகுதியைத் தந்தைக்கு மாற்றிக்கொடுக்க இந்தியச் சட்டத்தில் வழியில்லை. கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில், அவரவர் விடுப்பை எப்போது எடுப்பது என்று முறை வைத்துக்கொள்வதே இங்கு பகிர்வு.

1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் தந்த 12 வார விடுப்பு, 2017-இல் 26 வாரமானது. ஏற்கெனவே இரு குழந்தைகள் இருந்தால் 12 வாரம்தான். பிரசவத்துக்கு முந்தைய 12 மாதங்களில் 80 நாளாவது வேலை பார்த்திருக்க வேண்டும். மொத்த விடுப்பில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். தமிழக அரசு ஊழியர்களுக்கு 2021 ஜூலை 1 முதல் 12 மாதம் கிடைக்கிறது.

தந்தையின் பங்கு சிறியது. தனியார் துறையில் சட்டம் எதையும் கட்டாயமாக்கவில்லை. நிறுவனம் மனமுவந்து தருவதுதான். மத்திய அரசு ஊழியருக்கு முதல் இரு குழந்தைகளுக்கு 15 நாள் உண்டு. பிரசவத்துக்கு 15 நாள் முன்பிருந்து குழந்தைக்கு 6 மாதம் ஆவதற்குள் எடுக்காவிட்டால் அது காலாவதியாகிவிடும்.

கேளம்பாக்கத்தில் குடியிருக்கும் ஒரு தம்பதியை எடுத்துக்கொள்ளலாம். மனைவிக்குச் சிறுசேரி சிப்காட்டில் மென்பொருள் வேலை. கணவருக்குக் கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையத்தில் மத்திய அரசுப் பணி. மனைவி பிரசவத்துக்கு 4 வாரம் முன்பே விடுப்பில் போனால், மீதி 22 வாரம். அவர் திரும்பவும் வேலைக்குப் போகும்போது குழந்தைக்கு ஐந்து மாதம். தாய்வீட்டில் பாட்டியின் கவனிப்பு இருக்கும் முதல் வாரங்களிலேயே கணவர் தன் 15 நாளைச் செலவழிக்காமல், மனைவி வேலைக்குத் திரும்பும் நாளில் தொடங்கினால், குழந்தை காப்பகத்துக்குப் பழக அவகாசம் கிடைக்கும். 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனம் காப்பக வசதி செய்ய வேண்டும்; தாய் ஒரு நாளில் நான்கு முறை அங்கே போய்வரலாம்.

விடுப்பைப் பகிர்ந்துகொள்ளச் சட்டமே வழிசெய்யும் நாடுகளும் உண்டு. ஸ்வீடனில் பெற்றோர் இருவருக்கும் சேர்த்து 480 நாள். அதில் ஆளுக்கு 90 நாளை மற்றவருக்கு மாற்ற முடியாது. சிங்கப்பூரில் பேறுகால விடுப்பு போக, பெற்றோர் பிரித்துக்கொள்ள 2025 ஏப்ரல் முதல் 6 வாரம்; 2026 ஏப்ரல் முதல் அது 10 வாரம்.

தந்தைக்கு விடுப்பு உரிமையா என்ற கேள்வி தமிழ்நாட்டில் நீதிமன்றம் வரை போனது. மனைவியின் பிரசவத்துக்காக விடுப்பு கேட்ட தென்காசி மாவட்டக் காவல் ஆய்வாளர் ஒருவரின் வழக்கில், தந்தையருக்கான விடுப்பை உரிமையாக்கும் தனிச் சட்டம் வேண்டும் என்று சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2023 ஆகஸ்டில் வலியுறுத்தியது.