எலும்புக்கு அப்பால் கால்சியம்

டீ ஆறுவதற்குள் ஒரு பயத்தைத் தீர்த்துக்கொள்வோம். பிரஷருக்கு அம்லோடிபின் சாப்பிடுகிறவர்களில் சிலர், அது கால்சியத்தைத் தடுக்கும் மருந்து என்று கேள்விப்பட்டதும் கலங்கிப்போகிறார்கள். அப்படியானால் எலும்பு என்ன ஆகும்? நியாயமான கேள்விதான். கால்சியம் என்றாலே நமக்கு எலும்பும் பல்லும்தானே நினைவுக்கு வருகின்றன.

உடம்பின் கால்சியத்தில் சுமார் 99 சதவீதம் அங்கேதான் இருக்கிறது. மிச்சத்தின் வேலை என்ன? 1880களில் லண்டனில் சிட்னி ரிங்கர் என்ற மருத்துவர், தவளையின் இதயத்தை உப்புக் கரைசலில் துடிக்கவிட்டார். நன்றாகத் துடித்தது. பிறகுதான் தெரிந்தது, உப்பைக் கரைத்தது குழாய்த் தண்ணீரில் என்று. காய்ச்சி வடித்த நீரில் கரைத்தபோது துடிப்பு அடங்கிவிட்டது. குழாய்த் தண்ணீரிலிருந்த கால்சியம்தான் இதயத்தை ஓட்டியிருக்கிறது!

எப்படி என்று பார்ப்போம். நம் செல்கள் கால்சியத்தை உள்ளே தங்கவிடுவதில்லை. வெளியே இருப்பதில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் உள்ளே. மீறி வருவதைப் பம்புகள் ஓயாமல் வெளியேற்றுகின்றன. கொஞ்சத்தை உள்ளிருக்கும் பைகளில் அடைக்கின்றன. எதற்கு இவ்வளவு பாடு? சந்தையில் ஒரு தம்ளர் விழுந்தால் யாருக்கும் கேட்காது. நடுநிசியில் வீட்டுக்குள் விழுந்தால் எல்லோரும் எழுந்துவிடுவோம். செல்லுக்குள் அந்த நிசப்தம் இருப்பதால்தான், வாசல் திறந்து துளி கால்சியம் நுழைந்தாலே தசை சுருங்குகிறது, நரம்பு அடுத்த நரம்புக்குச் சேதி சொல்கிறது, கணையம் இன்சுலினைச் சுரக்கிறது.

சிலருக்குத் தசைக்குள் இருக்கும் அந்தப் பையின் கதவில் பிறவியிலேயே பழுது இருக்கும். அன்றாட வாழ்வில் பெரும்பாலும் தெரியாது. சில மயக்க வாயுக்கள் பட்டாலோ கதவு மூடாமல் கால்சியம் கொட்டும். தசை விறைத்து, உடல் கொதிக்கும், உயிருக்கே ஆபத்தாகும். டான்ட்ரோலின் என்ற மருந்து அந்தக் கசிவை அடக்கும். ஆபரேஷனுக்கு முன், 'குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனதா?' என்று டாக்டர் கேட்டால், யோசித்துப் பதில் சொல்லுங்கள்.

இப்போது நம் மாத்திரைக்கு வருவோம். ரத்தக்குழாயின் சுவரிலும் தசை உண்டு. அதன் செல்களில் கால்சியம் நுழையும் வாசல்கள் சிலவற்றை அம்லோடிபின் சாத்துகிறது. தசை இளகுகிறது, குழாய் விரிகிறது, அழுத்தம் இறங்குகிறது. சாப்பாட்டுக் கால்சியம் குடலிலிருந்து ரத்தத்தில் ஏறி எலும்புக்குப் போவது தனிப் பாதை. அது வழக்கம்போல் நடக்கும். கணுக்கால் வீங்கினால் டாக்டரிடம் சொல்லுங்கள், அது இந்த மாத்திரையால் வரக்கூடியது. எலும்புக்குப் பயந்து மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.