வரப்பைத் தூக்கினால் மட்டம் போகுது: இழைக் கோட்பாட்டில் பெருவீக்கம்

கூரத்தில் எங்கள் கழனியில் நடவுக்கு முன்னால் பரம்படித்து மட்டம் பண்ணுவார்கள். எல்லாம் முடிந்த பிறகு வரப்பு கரைந்திருப்பது கண்ணில் பட்டால் அப்பா தலையில் கை வைத்துவிடுவார். வரப்புக்கான மண்ணையும் அதே கழனியில்தான் வெட்டணும். வெட்டினால் மட்டம் போயிடும். ஸ்ட்ரிங் தியரி என்கிற இழைக் கோட்பாட்டுக்குள் பிரபஞ்சப் பெருவீக்கத்தைக் கொண்டுவர முயல்பவர்களின் சிக்கலும் ஏறக்குறைய இதுதான்.

முதலில், மட்டம் எதுக்கு? பிரபஞ்சம் தன் முதல் நொடியின் மிகச் சிறிய துளிக்குள் கண்டபடி பெருத்தது என்பதே பெருவீக்கக் கருத்து. ஒவ்வொரு தடவையும் சுமார் 2.718 மடங்கு, இப்படிக் கிட்டத்தட்ட 60 தடவை. இதை நடத்தும் புலத்தின் பெயர் இன்ஃப்ளட்டான். அது தன் ஆற்றல் சரிவில் ரொம்ப மெதுவா இறங்கணும். சரிவின் வளைவைச் சொல்லும் எண் ஈட்டா. அது 0.01 அளவில் இருந்தால் நல்லது. 1-ஐ நெருங்கினால் வீக்கம் தொடங்கின கையோடு முடிஞ்சுடும்.

சரி, வரப்பு எதுக்கு? இழைக் கோட்பாட்டுக்கு 10 பரிமாணம் வேண்டும். நாம் பார்ப்பது 4. மீதி 6 சுருண்டு கிடக்கின்றன. அவற்றின் அளவைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லையென்றால், வீக்கத்துக்கான ஆற்றலே அந்த ஆறையும் விரித்துத் தள்ளிவிடும். 2003 ஜனவரியில் கச்ரு, கல்லோஷ், லிண்டே, மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் சந்தீப் திரிவேதி ஆகிய நால்வரும் இந்த அளவைக் கட்டிப்போட ஒரு வழி சொன்னார்கள். வரப்பு கிடைத்தது.

அதே வருஷம் மால்டசேனாவும் மெக்கலிஸ்டரும் இவர்களோடு சேர்ந்து இன்ஃப்ளட்டானைத் தேடினார்கள். ஆழமான தொண்டை போல வளைந்த வெளியில் ஒரு டி3 பிரேன், அடியில் இருக்கும் எதிர் பிரேனை நோக்கி நகர்கிறது. இரண்டுக்கும் உள்ள தூரம்தான் இன்ஃப்ளட்டான். தொண்டையின் வளைவால் ஈர்ப்பு மிகவும் பலவீனமாகிறது. அதனால் சரிவு பிரமாதமான மட்டம்!

இங்கதான் மண்வெட்டி விழுந்தது. அளவைக் கட்டிப்போடும் ஆற்றல், பிரேன் எங்கே நிற்கிறது என்பதையும் சார்ந்தது. அதைக் கணக்கில் சேர்த்ததும் ஈட்டா 2/3 ஆகிவிட்டது. மட்டமான கழனி கிண்ணமாகிவிட்டது. மறைக்காமல் இதை அவர்களே அந்தக் கட்டுரையில் எழுதினார்கள். வேறொரு பங்களிப்பு வந்து இதை ரத்து செய்யலாம். ஆனால் அது நூற்றுக்கு ஒன்று என்ற அளவுக்குத் துல்லியமாக அமையணும்.

2007-இல் பாமன், டைமார்ஸ்கி, கிளெபனோவ், மெக்கலிஸ்டர், ஸ்டைன்ஹார்ட் ஆகியோர் அந்தப் பங்களிப்பை வெளிப்படையாகவே கணக்குப் போட்டார்கள். சரிவு முழுக்க மட்டமாகவில்லை. வளைவு திசை மாறும் ஒரு சின்ன இடத்தைச் சுற்றி மட்டும், எண்களைப் பார்த்துப் பார்த்து வைத்தால், வீக்கம் நடக்கிறது.

இதைத் தோல்வி என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோணல. சாதாரணப் பெருவீக்க மாதிரியில் மட்டமான சரிவைத் தாளில் வரைந்துவிட்டுப் போய்விடலாம். மண் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. இழைக் கோட்பாடு அதைக் கேட்க வைக்கிறது. ஆனால் விடை ஒவ்வொரு தடவையும் 'துல்லியமா வெச்சா நடக்கும்' என்றே வந்தால், அது விளக்கம் ஆகுமா? எனக்கு உறுத்துவது அதுதான்.

வரப்பே நிஜமாக நிற்கிறதா என்ற 2018-க்குப் பிந்தைய சர்ச்சையை அடுத்த குறிப்பில் எழுதுகிறேன்.