அவர் எங்கே போகப் புறப்பட்டார்?

மறதிநோய் உள்ளவரை அழைத்து வரும் குடும்பத்தினர் ஒரு கேள்வியைப் பெரும்பாலும் கடைசியில்தான், எழுந்து செல்லும் வேளையில், தாழ்ந்த குரலில் கேட்கின்றனர்: “டாக்டர், நாங்க வேலைக்குப் போறப்ப அப்பாவை உள்ளே வெச்சுப் பூட்டிட்டுப் போகலாமா?” கேட்பவர் கல்நெஞ்சர் அல்லர். அப்பா கதவைத் திறந்துகொண்டு வெளியேறி, ஊரே தேடிக் கண்டுபிடித்து அழைத்து வந்த பிறகு எழும் கேள்வி அது.

ஆளில்லாத வீட்டில் அவரைத் தனியே பூட்டி வைக்கக் கூடாது. தீப்பற்றினாலோ, வழுக்கி விழுந்தாலோ, உதவிக்கு வருபவரும் உள்ளே நுழைய இயலாது. கட்டிலோடு கட்டிவைப்பது அதனினும் கேடு. ஆயினும் “கூடாது” என்பதோடு எங்கள் கடமை முடிந்துவிடாது. வேறு என்ன செய்யலாம் என்பதையும் சொல்ல வேண்டும்.

டிமென்ஷியா எனப்படும் இந்நோய், 2023இல் வெளியான ஆய்வின்படி, நம் நாட்டில் 60 வயதைக் கடந்தவர்களுள் ஏறத்தாழ 88 இலட்சம் பேருக்கு இருக்கிறது. இதன் மிகப் பரவலான வகை அல்சைமர். அது மூளையில் அண்மை நினைவையும் இடம் அறியும் திறனையும் காக்கும் பகுதிகளை முதலில் தாக்குகிறது. நேற்று நடந்தது அழிகிறது. நாற்பது ஆண்டுகளுக்கு முந்தையது நிற்கிறது. கால்களிலோ வலு குறையவில்லை.

ஆகவே “காரணமில்லாமல் அலைகிறார்” என்று குடும்பத்தார் சொல்லும்போது நாங்கள் முழுவதும் ஏற்பதில்லை. பெரும்பாலும் அவருக்கு ஒரு போக்கிடம் இருக்கிறது; அது இன்றைய உலகில் இல்லை, அவ்வளவே. விளக்கு வைக்கும் நேரத்தில் ஓர் அம்மையார் பரபரப்பது, என்றோ விற்றுவிட்ட பசுவைப் பிடித்துக் கட்டுவதற்காக இருக்கலாம். கல்வராயன் மலை 1976இல் அரசின் கைக்கு வரும்வரை ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்தது. அக்காலத்தில் இளைஞராயிருந்த ஒருவர் இன்று விடியுமுன் எழுந்து “வேலைக்கு நேரமாச்சு” என்று கிளம்பினால், அவர் எந்த வேலையை நினைக்கிறார் என்று கேட்டறிவது பயனுள்ளது. சொந்தத் திண்ணையில் அமர்ந்தபடியே “வீட்டுக்குப் போகணும்” என்பவருக்கு, வீடு என்பது பிறந்து வளர்ந்த கூரைவீடாக இருக்கலாம்.

அவ்வேளையில் “இதுதான் உங்க வீடு, பேசாம உக்காருங்க” என்று வாதிட்டால் கலக்கம் மிகும். “வாங்க மாமா, நானும் வர்றேன்” என்று உடன் நடந்து, அவர் தேடும் பசுவைப் பற்றியோ காட்டைப் பற்றியோ கேட்டபடி ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பினால், பல நாள் அது போதும். நாள்தோறும் அதே நேரத்துக்குச் சற்று முன்பே நடக்க அழைத்துச் செல்வது இன்னும் நல்லது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறோம். ஓரிரு நாள்களில் திடீரெனத் தொடங்கிய அலைச்சலை மறதிநோயின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், உப்புச்சத்துக் குறைவு, வெளியே சொல்லத் தெரியாத வலி, புதிதாகச் சேர்த்த மாத்திரை ஆகியவை இதற்குக் காரணமாகலாம். சளிக்காகக் கடையில் வாங்கிய மருந்தும் தூக்க மாத்திரையும் இதில் அடக்கம். அன்றே அழைத்து வாருங்கள்.

வீட்டுக் கதவில் மாட்டு மணி ஒன்றைத் தொங்கவிடலாம். விலை உயர்ந்த கருவி எதுவும் எங்களுக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றவில்லை. செருப்பு, துண்டு, கைத்தடி ஆகியவை கண்ணில் பட்டால் கிளம்பும் எண்ணம் வரும். அவற்றை மறைவாக வையுங்கள். சட்டையின் உட்புறத்தில் தொலைபேசி எண்ணைத் தைத்துவிடுங்கள். அரைஞாண் கயிற்றில் எண் பொறித்த சிறு தகடு கோத்தால், சட்டையைக் கழற்றினாலும் அது உடலோடு இருக்கும். கைப்பேசி அலைவரிசை எட்டாத மலைச் சிற்றூர்களில் தேநீர்க் கடைக்காரரிடமும் பேருந்து நடத்துநரிடமும் முன்னரே சொல்லி வைப்பது காவலுக்குச் சமம். ஊரார் அறிவர் என்று வெட்கி மறைப்பதால்தான் தேடல் தாமதமாகிறது.

காணவில்லை என்றால் உடனே தேடுங்கள். 24 மணி நேரம் கழித்தே காவல் நிலையம் புகார் ஏற்கும் என்பது தவறான நம்பிக்கை. 112ஐ அப்போதே அழைக்கலாம். பேருந்து நிலையத்துக்கு ஆள் அனுப்புங்கள். ஆனால் முதலில் வீட்டைச் சுற்றிலும் தேடுங்கள். இவ்வாறு காணாமற்போவோரில் பலர் அருகிலேயே இருக்கின்றனர். தடை குறுக்கிடும்வரை நேரே நடந்து, சிக்கிய இடத்தில் நின்றுவிடுவர். பெயர் சொல்லிக் கூவினாலும் பதில் தரமாட்டார்கள். எனவே கரும்பு, மக்காச்சோளம், மரவள்ளித் தோட்டங்களின் ஓரமாக நடந்தால் போதாது. வரிசைக்குள் நுழைந்து பார்க்க வேண்டும். சுற்றுச்சுவர் இல்லாத கிணறு, ஓடை, மாட்டுக்கொட்டகை, வைக்கோற்போரின் மறைவு ஆகியவற்றை முதலில் பாருங்கள். கிடைத்ததும் கடிந்துகொள்ளாமல் தண்ணீர் கொடுங்கள். காயம் உள்ளதா என்று உடல் முழுதும் பாருங்கள்.

இனி, பார்த்துக்கொள்பவரைப் பற்றி. மகன் திருப்பூருக்கோ கேரளத்துக்கோ வேலைக்குச் சென்றிருக்க, மாமனாரைக் காக்கும் பொறுப்பு மருமகள் ஒருவர் மீதே விழுந்திருப்பதை நாங்கள் அடிக்கடி காண்கிறோம். பெரியவர் வெளியேறிவிட்டால் “நீ என்ன செய்துகொண்டிருந்தாய்?” என்ற கேள்வி அவரை நோக்கியே வருகிறது. இக்கேள்வி ஜப்பானில் உச்ச நீதிமன்றம்வரை சென்றது. 2007இல் ஓபு நகரில், 85 வயது மனைவி சிறிது கண்ணயர்ந்த வேளையில், 91 வயது முதியவர் வெளியேறி இரயில் மோதி இறந்தார். இரயில்வே நிறுவனம் குடும்பத்தாரிடம் இழப்பீடு கேட்டது. கீழ் நீதிமன்றங்களும் கொடுக்கச் சொல்லின. 2016 மார்ச் 1 அன்று உச்ச நீதிமன்றம் அக்குடும்பம் பொறுப்பன்று எனத் தீர்ப்பளித்தது. ஒருவரை இருபத்துநான்கு மணி நேரமும் கண்ணிமைக்காமல் காப்பது எந்த மனிதராலும் ஆகாது.

ஆகவே இரவுக் காவலை உறவினர் முறை வைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள். வெளியூரிலுள்ள மகன் பணம் அனுப்புவதோடு, ஆண்டில் சில வாரமேனும் வந்து பொறுப்பேற்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. அதை அவரிடம் சொல்லத் தயங்கினால், அவரை அழைத்து வாருங்கள், நாங்கள் சொல்கிறோம். முதியோருக்கான 14567 என்னும் கட்டணமில்லா எண்ணிலும் வழிகாட்டுதல் பெறலாம். சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பணியாளர் வீட்டிலேயே தருவதால், அதற்காக அவரைத் தனியே விட்டுச் செல்லத் தேவையில்லை.

அடுத்த முறை வரும்போது ஒரு தாளில் மூன்று செய்திகளைக் குறித்து வாருங்கள்: எந்த நேரத்தில் கிளம்புகிறார், எந்தத் திசையில் போகிறார், என்ன சொல்லிக்கொண்டு போகிறார். அவரைப் பரிசோதித்த பின், உங்கள் இரத்த அழுத்தத்தையும் அதே மேசையில் பார்த்துக்கொள்ளலாம்.