கீழே கடை, மேலே வீடு: பாய்லர் மாற்றுமுன் கவனியுங்கள்

இங்கிலாந்தில் மளிகைக்கடை நடத்தும் நம் வணிகர்களில் பலர் கீழே கடையும் மேலே குடியிருப்புமாக வாழ்கிறார்கள். குளிர்காலம் வந்துவிட்டால் காஸ் பில் உறையைப் பிரிக்கவே கை தயங்கும். தராசில் ஐந்து கிராம் கூடிப் போகாமல் பார்க்கும் நாம், மாடியில் ஆளில்லாத அறையைச் சூடாக்கிக் கொண்டிருப்பதைக் கவனிப்பதில்லை.

நமக்குத் தெரிந்த கடைக்காரர் ஒருவர் வீட்டில் தெர்மோஸ்டாட் மாடிப்படி ஓரம் இருந்தது. கடைக் கதவு திறக்கும் போதெல்லாம் குளிர்காற்று அதன்மேல் படும். வீடே குளிர்ந்துவிட்டதாகக் கருதி அது பாய்லரை ஓடவிடும். பிள்ளைகள் அறையிலோ புழுக்கம் தாங்காமல் ஜன்னலைத் திறந்து வைத்தார்கள்! பாய்லர்தான் பழுது என்று புதிதாக மாற்றினார். பில் குறையவில்லை.

இதற்கு வழி, வீட்டைப் பகுதி பகுதியாகப் பிரிப்பது. இதை அங்கே 'சோன்' என்கிறார்கள். பகல் புழங்கும் அறைகள் ஒரு பகுதி, படுக்கையறைகள் இன்னொரு பகுதி. ஒவ்வொன்றுக்கும் தனித் தெர்மோஸ்டாட், தனி டைமர், சுடுநீர்க் குழாயில் மோட்டார் வால்வு. ஒரு பகுதி குளிர்ந்தால் அதன் வால்வு திறக்கும். திறந்து முடிந்ததும் உள்ளிருக்கும் சுவிட்ச் பாய்லருக்குச் சொல்லும். எந்தப் பகுதிக்கும் சூடு தேவையில்லை என்றால் பாய்லர் எரியவே கூடாது. இந்த ஏற்பாட்டுக்கு 'இன்டர்லாக்' என்று பெயர். ரேடியேட்டர்களில் தெர்மோஸ்டாட் வால்வு மட்டும் போட்டால் இது கிடைக்காது. தெர்மோஸ்டாட் மாட்டிய அறையின் ரேடியேட்டரில் அந்த வால்வு வேண்டாம்; இரண்டும் ஒன்றையொன்று குழப்பும்.

இனி சட்டம். கட்டட விதிகளின் 'எல்' பகுதி எரிபொருள் சிக்கனத்தைப் பற்றியது. இங்கிலாந்தில் 2018 ஏப்ரல் முதல், வீட்டில் மாட்டும் புதிய காஸ் பாய்லர் குறைந்தது 92 சதவீதத் திறன் உள்ளதாக இருக்க வேண்டும்; நேரக் கட்டுப்பாடும் வெப்பக் கட்டுப்பாடும் கட்டாயம். 2022 ஜூன் 15 முதல் நடப்பிலுள்ள விதியில், பழைய வீட்டில் பாய்லரை மாற்றினாலும் அறைக்கு அறை, பொருந்தாத இடத்தில் பகுதிக்குப் பகுதி, வெப்பக் கட்டுப்பாடு பொருத்தச் சொல்கிறார்கள். 150 சதுர மீட்டர், அதாவது சுமார் 1,615 சதுர அடி, அதற்கு மேற்பட்ட புதிய வீடென்றால் தனித்தனியே இயங்கும் இரண்டு சுற்றாவது தேவை. ஸ்காட்லாந்துக்கும் வேல்ஸுக்கும் விதிகள் வேறு.

கடைப் பகுதிக்கான வழிகாட்டி அதே 'எல்' பகுதியின் இரண்டாம் தொகுதி. வீடும் கடையும் ஒரே பாய்லரில் ஓடினால் கடையைத் தனிப் பகுதியாக்கச் சொல்லுங்கள். கடை நேரம் வேறு, வீட்டு நேரம் வேறு அல்லவா? கடைத் தெர்மோஸ்டாட்டை ஃபிரிட்ஜ்களுக்கு அருகே மாட்ட விடாதீர்கள். மோட்டார் கக்கும் வெப்பத்தில் அது ஏமாந்து பாய்லரை அணைத்துவிடும். கல்லாவில் இருப்பவர் நடுங்குவார். வாடகைக் கட்டடமானால் உரிமையாளரின் எழுத்து மூலச் சம்மதம் முதலில் வேண்டும்.

வேலைக்கு வருபவர் 'காஸ் சேஃப்' பதிவு பெற்றவரா என்று அடையாள அட்டையைக் கேட்டுப் பாருங்கள். 2009இல் பழைய 'கோர்கி' பதிவுக்குப் பதிலாக வந்தது இது. மலிவாக முடித்துத் தருகிறேன் என்று வரும் பதிவில்லாத ஆளைக் காஸ் வேலையில் கைவைக்க விடுவது ஆபத்து, சட்டமும் அனுமதிக்காது. பதிவு பெற்றவர் வேலை விவரத்தை உள்ளூராட்சிக்குத் தெரிவிப்பார். பிறகு கட்டட விதிச் சான்றிதழ் உங்களுக்குத் தபாலில் வரும். வராவிட்டால் விடாமல் கேளுங்கள். கட்டடத்தை விற்கும் நாளில், வாங்குபவரின் வழக்கறிஞர் கேட்கும் காகிதங்களில் அதுவும் ஒன்று.