நூலகத்துக்கு வந்த அன்பளிப்பு



பூவிருந்தவல்லியை அடுத்த நூம்பலில், ஒரு சிறு படிப்பகத்தைக் கவனிக்கும் பொறுப்பு எனக்கு வாய்த்தது. ஒரு நாள், எடுத்துச் சென்ற நூலைத் திருப்பித் தரவில்லையென்று ஒரு மாணவியைப் பலர் முன்னிலையில் கடிந்துகொண்டேன். மறு வாரம் அந்நூல் எங்கள் அலமாரியிலேயே அகப்பட்டது. ஏட்டில் வரவு வைக்க மறந்தவன் நானே! அப்பெண் பின்னர் அங்கு வரவேயில்லை. ஏட்டை விடுத்துக் கணினியில் கணக்கு வைப்பதென அன்று முடிவு செய்தேன்.

விலை கொடுத்து மென்பொருள் வாங்க வசதியில்லை. அப்போதுதான் 'கோஹா'வைப் பற்றி அறிந்தேன். நியூசிலாந்திலுள்ள ஹோரோவெனுவா நூலக அறக்கட்டளை, தன் பழைய மென்பொருள் 2000ஆம் ஆண்டைக் கடந்து இயங்காது என்று கண்டு, 1999இல் இதனைப் புதிதாக எழுதுவித்தது. எழுதியதைத் தனக்கென வைத்துக்கொள்ளாமல், யாவரும் எடுத்தாளவும் திருத்தவும் உரிமையளித்தது. மவோரி மொழியில் கோஹா என்றால் அன்பளிப்பு என்று பொருள்.

இதனை நிறுவும் முறையை ஒரு வீடு கட்டுவதற்கு ஒப்பிடலாம். டெபியன் என்னும் இயங்குதளம் மனை. மரியாடிபி என்னும் தரவுத்தளம், நூல், உறுப்பினர் விவரங்களைக் காக்கும் களஞ்சியம். அப்பாச்சி என்பது வருவோரை உள்ளே விடும் வாயிற்காவலன். இவற்றை அமைத்து, கோஹா தொகுப்பை இறக்கிக்கொண்டு, நம் நூலகத்துக்கு ஒரு பெயரிட்டு ஒரு கட்டளை தந்தால் வீடு எழும்பிவிடும். கடவுச்சொல்லைத் தெரிவிக்கத் தனிக் கட்டளை உண்டு. அதைக்கொண்டு உலாவி வழியே நுழைந்து, நூலகத்தின் பெயர், உறுப்பினர் வகை முதலியவற்றை நிரப்பவேண்டும்.

நான் இடறியது எங்கே தெரியுமா? இவ்வீட்டுக்கு இரண்டு வாயில்கள். வாசகர் நூல் தேடுவதற்கு ஒன்று. பணியாளர் கணக்கு வைப்பதற்கு மற்றொன்று. முதலாவதற்கு 80, இரண்டாவதற்கு 8080 என்று எண் கொடுத்திருந்தேன். ஆனால் 8080இலும் காத்திரு என்று காவலனுக்குச் சொல்லவில்லை. வாசகர் பக்கம் திறந்தது. பணியாளர் பக்கம் திறக்கவில்லை. பழுது மென்பொருளில் என்றெண்ணி, இருமுறை அழித்து நிறுவினேன். இறுதியில், அப்பாச்சியின் அமைப்புக் கோப்பில் ஒரே வரியைச் சேர்த்து, அதனை மறுபடி இயக்கியதும் கதவு திறந்தது. தவறு எங்கேயென்று ஆராயாமல் பழி சுமத்தும் என் குணம், மாணவியிடம் மட்டுமன்றிக் கணினியிடமும் வெளிப்பட்டது!

சீர்காழியில் 1892இல் பிறந்த நூலக அறிஞர் எஸ். ஆர். இரங்கநாதன், 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளுள், வாசகரின் காலத்தைக் காப்பாற்றுக என்பது நான்காவது. கோஹா அதனைச் செய்கிறது. திரும்பிய நூலின் பட்டைக்குறியை வருடியவுடன் நாளும் நேரமும் பதிவாகின்றன. ஆயினும் வருடவேண்டியது மனிதக் கைதான். நான் மறந்தால் கணினியும் அறியாது. அதனால், வருடாத நூலை அலமாரியில் வைப்பதில்லை என்று ஒரு வழக்கம் ஏற்படுத்திக்கொண்டேன்.

உங்கள் பள்ளியிலோ ஊரிலோ பழைய கணினி ஒன்று இருந்தால், அதில் முயன்று பாருங்கள். பிழை நேரின் அஞ்சவேண்டா. பிழைப்பதிவுக் கோப்பை முதலில் படியுங்கள்.

உறுப்பினர் பட்டியலில் என் பெயருக்கு அடுத்ததாக அம்மாணவியின் பெயரைப் பதிந்திருக்கிறேன். அவளுக்குரிய அட்டை என் மேசையில் இருக்கிறது. மன்னிப்புக் கேட்டு நானே அதனைக் கொண்டு சென்று கொடுக்கவேண்டும்.