லண்டன் கேக்கில் மராட்டியப் பாகு

மும்பையில் நம்மவர் வீட்டுப் பிள்ளைகளும் பிறந்த நாளென்றால் கேக் கேட்கிறார்கள். லண்டனில் இருக்கும் உறவினர் செய்முறை அனுப்புகிறார். அதில் உள்ள பொருள்களின் பெயரைப் படித்தாலே தலை சுற்றுகிறது!

"செல்ப் ரெய்சிங்" மாவு அதிசயம் அல்ல. 150 கிராம் மைதாவில் 2 டீஸ்பூன் பேக்கிங் பவுடர் கலந்து, இரண்டு முறை சலித்தால் அதுதான். ஆப்பச் சோடாவைப் போட்டுவிடாதீர்கள். பேக்கிங் பவுடரில் சோடாவோடு புளிப்புப் பொருளும் சேர்ந்திருக்கிறது. வெறும் சோடாவில் அது கிடையாது. போன வருடம் என் மகள் பிறந்த நாளில் அந்தத் தவறு நடந்தது. கேக் கறுத்து, சோப்பைக் கடித்தது போல் இருந்தது. குவார்ட்டர்சுக்கு வந்த குழந்தைகளை பிஸ்கட் கொடுத்து அனுப்பினோம். மகள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"காஸ்டர்" சர்க்கரைக்கு, சாதாரணச் சர்க்கரையை மிக்சியில் நாலைந்து சுற்று விட்டால் போதும். மாவாகிவிடக் கூடாது.

"கோல்டன் சிரப்" என்பது சீமையில் 1885 முதல் டின்னில் வரும் சர்க்கரைப் பாகு. இங்கே விலை அதிகம். கரும்புச் சாறு வெல்லமாக இறுகுமுன் எடுக்கும் பாகை மராட்டியர் "காக்வி" என்பார்கள். சப்பாத்திக்குத் தொட்டுக்கொள்வார்கள். மளிகைக் கடையில் கேளுங்கள். அதே அளவு ஊற்றலாம். நிறம் சற்றுக் கறுக்கும், வெல்ல வாசனை வரும்.

இந்த ஆண்டு அதில்தான் செய்தோம். மகள் இரண்டாவது துண்டும் கேட்டாள்.