முன்பாரமும் பின்பாரமும்

பல வருஷ காலம் பார வண்டி ஓட்டிப் பழகிய பெரியவர் ஒருவர் எங்கள் தோட்டத்துக்குப் பக்கத்தில் இருந்தார். புதிதாக வந்திறங்கிய டிராக்டர் டிரெய்லரை ஊரார் சுற்றி நின்று, பெட்டியின் நீளத்தையும் பெயின்டின் பளபளப்பையும் மெச்சிக்கொண்டிருந்த வேளையில், அவர் மட்டும் வாய் திறவாமல் அதை ஒருமுறை வலம் வந்து, கொக்கியில் மாட்டும் இரும்பு வளையத்துக்கு அருகே குந்தி உட்கார்ந்து, அதை இரண்டு கைகளாலும் பற்றித் தூக்கிப் பார்த்தார். சிரமமே இல்லாமல் மேலே வந்தது. "முன்பாரம் பத்தாதுங்க தம்பி. ஏத்தத்துல இது இஞ்சினைத் தூக்கப் பார்க்கும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அந்த டிரெய்லர் என்னுடையது என்பதையும், அடுத்த மழைக்காலத்தில் ஓடைக்கரை ஏற்றத்தில் அவர் சொன்னது அப்படியே நடந்தது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு சக்கர வண்டியின் சாஸ்திரம் முழுவதும் அந்த ஒரு வார்த்தையில் அடங்கியிருக்கிறது. பாரம் அச்சுக்கு முன்னால் மிகுந்தால் மாட்டின் கழுத்தை நுகத்தடி அழுத்தும். பின்னால் மிகுந்தால் நுகத்தடி மேலெழும்பிப் பூட்டாங்கயிறு கழுத்தை நெரிக்கும். டிராக்டருக்குக் கழுத்து இல்லையே தவிர, நியாயம் மாறவில்லை. அச்சிலிருந்து கொக்கி வரை 10 அடி இருக்கிறது என்றும், ஏற்றிய 2,000 கிலோ பாரத்தின் மையம் அச்சுக்கு 1 அடி முன்னால் விழுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். பத்தில் ஒரு பங்கு, அதாவது 200 கிலோ, கொக்கியின் மேல் இறங்குகிறது. அந்த அழுத்தம் டிராக்டரின் பின்சக்கரங்களைச் சேற்றில் ஊன்றி நிற்கச் செய்கிறது. பாரம் அச்சுக்குப் பின்னே போய்விட்டாலோ கொக்கி மேல் நோக்கி இழுக்கப்பட்டு, பின்சக்கரங்கள் பிடிப்பிழந்து, நின்ற இடத்திலேயே சுற்றத் தொடங்கிவிடும். ஏற்றத்தில் இந்த விபரீதம் இன்னும் அதிகம். ஏனெனில் உயரமாக ஏற்றிய பாரத்தின் மையம், வண்டி அண்ணாந்து நிற்கும்போது அச்சைத் தாண்டிப் பின்னுக்குச் சரிகிறது. எந்தச் சமயத்தில் முன்பாரம் நமக்கு மிகவும் அவசியமோ, அந்தச் சமயத்தில்தான் அது கைவிடுகிறது. அதற்காக அளவுக்கு மீறி முன்பாரம் வைப்பதும் தகாது. அப்போது டிராக்டரின் முன்சக்கரங்கள் லேசாகி, திருப்பியபடி திரும்பாமல் அடம் பிடிக்கும்.

ஆகையால் பட்டறைக்குப் போகிறவர், பெட்டி எத்தனை அடி என்று விசாரிப்பதற்கு முன்பாக, பெட்டியின் நடுவிலிருந்து அச்சு எவ்வளவு தூரம் பின்தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது என்று அளந்து பார்ப்பது உசிதம். நம் பக்கத்து டிரெய்லர்களில் பெரும்பாலானவை உள்ளூர்ப் பட்டறைகளிலேயே சேனலும் ஆங்கிளும் தகடும் வெட்டிப் பற்றவைத்துச் செய்யப்படுகிறவை. முன்கூட்டிச் சொன்னால் அச்சை அரை அடி நகர்த்தி வைப்பது அவர்களுக்குப் பெரிய காரியமன்று.

அளவு விஷயத்தில் நமக்கு ஆசைதான் சத்துரு. 10 அடி நீளம், 6 அடி அகலம், 2 அடி உயரம் உள்ள பெட்டி 120 கன அடி கொள்ளும். அதை வைக்கோலால் விளிம்பு மட்டம் நிரப்பினால் அரை டன்கூடத் தேறாது. மணலால் நிரப்பினால், கன அடிக்குச் சுமார் 45 கிலோ வீதம், ஐந்து டன்னைத் தாண்டிவிடும். பெட்டி ஒன்றே, அச்சும் டயரும் ஒன்றே, பாரமோ பத்து மடங்கு வித்தியாசம்! பெட்டி கொள்ளும் அளவு வேறு, வண்டி தாங்கும் அளவு வேறு என்பதை மறந்தவர்களின் டிரெய்லர்களே அச்சு வளைந்தும், சேனல் விரிந்தும் பட்டறை வாசலில் கிடக்கின்றன.

உண்மையில் நமக்கு எவ்வளவுதான் வேண்டும்? ஐந்து ஏக்கர் தென்னந்தோப்பு உள்ளவரை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். 25 அடிக்கு ஒரு மரம் என்ற கணக்கில் ஏக்கருக்குச் சுமார் 70, ஆக 350 மரங்கள். மரம் ஒன்றுக்கு வருஷத்துக்கு 50 கிலோ தொழு உரம் இடச் சொல்கிறார்கள். மொத்தம் பதினேழரை டன். நடைக்கு இரண்டு டன் ஏற்றினாலும் ஒன்பது நடையில் அந்த வருஷத்து எரு முழுவதும் தோப்புக்குள் போய்விடும். இந்த ஒன்பது நடையை ஐந்தாகக் குறைக்கும் பொருட்டு, வரிசைகளுக்கு நடுவே திரும்ப முடியாத நீளப் பெட்டியை வாங்கி, ஆண்டு முழுவதும் மரத்தில் உரசிக்கொண்டு திரிவது என்ன புத்திசாலித்தனமோ எனக்குத் தெரியவில்லை. வாய்க்கால் பாலத்தின் அகலம், படலின் அகலம், தோப்பின் கோடியில் திரும்புவதற்குள்ள இடம் ஆகிய மூன்றையும் கயிறு பிடித்து அளந்துகொண்டு பட்டறைக்குப் போனால் பாதி நிர்ணயம் வீட்டிலேயே முடிந்துவிடும்.

நான்கு சக்கர டிரெய்லர் தன் பாரத்தைத் தானே சுமந்துகொள்ளும். கொக்கிக்கு அழுத்தம் கொடுக்காது. கரும்பு ஏற்றித் தார் ரோட்டில் ஆலைக்குப் போகிறவர்களுக்கு அது சௌகரியம். தோட்டத்துக்குள் அதைப் பின்னுக்கு ஓட்டிப் பார்த்தவர்களுக்கே அதன் சுபாவம் தெரியும். கொக்கியில் ஒரு மடிப்பு, முன் அச்சின் திருப்பத்தில் மற்றொரு மடிப்பு என்று இரண்டிடத்தில் மடங்கி, நாம் நினைத்த திசையைத் தவிர மற்ற எல்லாத் திசையிலும் போகும்.

எருவும் மண்ணும் அடிக்கடி கொட்டுகிறவர்களுக்கு டிப்பர் வாங்குவது வீண் செலவாகாது. டிராக்டரின் ஹைட்ராலிக் எண்ணெயே குழாய் வழியாகப் போய் ஜாக்கியைத் தள்ளிப் பெட்டியைத் தூக்குகிறது. இறங்குவது பெட்டியின் சொந்தக் கனத்தால். பெட்டி எழும்ப எழும்பப் பாரமெல்லாம் அச்சுக்குப் பின்னால் ஓடுவதால், கொக்கியில் செருகும் பின்னுக்குப் பூட்டுக் கம்பி போட மறந்தவர் அப்போது வருந்த நேரிடும். ஒரு பக்கம் சாய்ந்த நிலத்தில் பெட்டியைத் தூக்கவே கூடாது.

இழுக்கும் இடமும் முக்கியமானது. டிராக்டரின் கொக்கி பின் அச்சுக்குக் கீழே தாழ்வாக இருப்பது காரணமின்றி அன்று. அதை விட்டு மேலே எங்காவது சங்கிலியைக் கட்டி இழுத்தால், முன்சக்கரங்கள் எழும்பி டிராக்டர் பின்புறமாகவே கவிழ்ந்துவிடலாம். பெரும்பாலான தோட்டத்து டிரெய்லர்களுக்குப் பிரேக் கிடையாது. இறக்கத்தில் பாரம் முழுவதும் டிராக்டரை முதுகில் தள்ளும். கீழ்க் கியரில் இறங்குவதும், ரோட்டில் ஏறுமுன் டிராக்டரின் இரண்டு பிரேக் பெடல்களையும் ஒன்றாகச் சேர்த்துப் பூட்டிக்கொள்வதும் பழக்கமாகிவிட வேண்டும். ஆட்களை ஏற்றிச் செல்வது அறவே கூடாது.

எஞ்சின் இல்லாத இந்தப் பெட்டியையும் 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் மோட்டார் வாகனம் என்றே வகைப்படுத்துகிறது என்பது பலருக்கு வேடிக்கையாகத் தோன்றும். எனவே பழைய டிரெய்லர் வாங்குகிறவர் ஆர்.சி. புத்தகத்திலுள்ள எண்ணையும் சேஸிஸில் வெட்டியிருக்கும் எண்ணையும் ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம். பிறகு தரைத் தகட்டின் அடிப்புறத்தைக் குனிந்து பார்க்கவேண்டும். எருவின் ஈரமும் யூரியாவின் உப்பும் முதலில் தின்பது அந்த இடத்தைத்தான். கடைசியாக ஒவ்வொரு சக்கரத்தையும் ஜாக்கி வைத்துத் தூக்கிக் கையால் சுற்றிவிட்டுக் காது கொடுத்துக் கேட்கலாம். வைக்கோற்கரியை விளக்கெண்ணெயில் குழைத்த வண்டி மையின் இடத்துக்குக் கிரீஸும் பேரிங்கும் வந்துவிட்டன. மை வற்றிய அச்சு அன்று கிறீச்சிட்டது போலவே, கிரீஸ் வற்றிய பேரிங் இன்று கரகரக்கிறது.